குட்டிக் கார் மலையில் முடங்கி நின்றால்: எதை முதலில் பார்ப்பது

தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பதினொரு வருஷமாக ஒரே காரைத்தான் ஓட்டுகிறேன். இந்தியாவில் செய்தது. 800 சிசி, மூன்று சிலிண்டர், மெனுவல் கியர். நான் அதற்கு மூன்றாவது சொந்தக்காரன். எங்கள் பக்கத்தில் இதே மாதிரிக் கார் ஏழெட்டு நிற்கின்றன. ஏதாவது ஒன்று ஸ்டார்ட் ஆகாவிட்டால் காலையில் யாராவது வந்து "அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கதவைத் தட்டுவார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கை பழகியவன்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் ஐந்து வருஷம் இருந்ததை வைத்தே ஓட்டினோம். அந்த ஐந்து வருஷத்தில் நான் கண்டது இதுதான்: எங்கள் மலையில் இந்தச் சின்னக் கார்கள் பெரிய வியாதியால் சாவது குறைவு. சின்னக் கோளாறைப் பெரிய கோளாறு என்று நம்பி, அவிழ்க்கத் தேவையில்லாததை அவிழ்த்துத்தான் முக்கால்வாசி கெட்டுப்போகின்றன. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் வைத்திருக்கிறேன். கராஜுக்குக் கொடுத்துவிட வேண்டிய இடத்தையும் சொல்கிறேன். பிரேக் மட்டும் விதிவிலக்கு. அதில் எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

## ஏற்றத்தில் ஹீட் ஏறுகிறது

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் போனட்டைத் திறந்துவைத்து நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) இல்லை.

முள் மேலே போகிறது என்றால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ஊதியை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும், ஆனால் எஞ்சினின் சூட்டை அது இழுத்து வெளியே தள்ளும். முள் இறங்காவிட்டால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் கழித்து, மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, கல் மாதிரி இறுகி இல்லாமல் இளகி இருந்தால் மட்டும் தடித்த துணி போட்டுத் திறக்கலாம். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடித்த ஒரு தம்பியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளை நான் மறக்கவில்லை.

ஆறிய பிறகு, எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

ஃபேன் சுற்றவில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டர் நல்லது. சென்சர் அல்லது ஃபேன் சுவிட்ச்தான் பழுது, மலிவான சாமான். எதற்குமே சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ஃபேனுக்குப் போகும் கனெக்டர். எங்கள் ஈரத்துக்குக் கனெக்டரின் உள்ளே பச்சைப் பூ பூத்திருக்கும். சுரண்டித் துடைத்துச் செருகினாலே பல கார்களில் ஃபேன் சுற்றிவிடும். அதன் பிறகும் சுற்றாவிட்டால் மோட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டர் வைண்டிங் செய்கிறவரிடம் கொடுத்தால் புது மோட்டர் வாங்க வேண்டிவராது.

### ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறது, சமதரையில் சரியாகிறது

முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடி. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியும் நம்ப வைப்பது கஷ்டமாக இருக்கிறது, அதனால் ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். காரில் அப்படிக் கொதிக்காமல் அழுத்தம் கொடுத்துப் பிடித்துவைப்பது அந்த மூடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான். கொழும்பில் தேய்ந்த மூடியோடு ஓடித் தப்பிய கார் இங்கே தப்பாது. மூடியைக் கழற்றி ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தால், இறுகியிருந்தால், பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். மேலே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள மூடிதான் வாங்க வேண்டும். கூடின எண் போட்டால் நல்லது என்று கடையில் சொல்வார்கள். பழைய ஹோஸ் வெடித்துப்போகும், கேட்காதீர்கள்.

என் காருக்கே இது நடந்தது. வாங்கிய முதல் வருஷம் ஒவ்வொரு ஏற்றத்திலும் ஹீட். நகரத்தில் ஒரு கராஜில் ரேடியேட்டரை மாற்றினார்கள். நிற்கவில்லை. வோட்டர் பம்ப்பை மாற்றினார்கள். நிற்கவில்லை. ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அந்த வாரம் புசல்லாவையில் கார் கொதித்து நின்றபோது, பக்கத்தில் லொறியை நிறுத்திய வயதான டிரைவர் ஐயா ஒருவர் மூடியை மட்டும் கையில் வாங்கிப் பார்த்து, "தம்பி, இதை மாத்தினீங்களா?" என்று கேட்டார். புது ரேடியேட்டருக்குப் பழைய மூடியையே போட்டிருந்தார்கள். மூடியை மாற்றிய நாளிலிருந்து அந்தக் கோளாறு இல்லை. அவர் பேரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மூடி சரி என்றால் ரேடியேட்டரின் முன்பக்கம். சேறும் காய்ந்த புல்லும் பூச்சியும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னால் வெளியேறுகிற மாதிரி, மெல்லிய தாரையாகத் தண்ணீர் அடியுங்கள். அழுத்தம் கூடினால் தகட்டு மடிப்புகள் சாய்ந்துவிடும். பிறகு பெல்ட்: கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு தாழலாம், அதற்கு மேல் தளர்ந்திருந்தால் பம்ப் சரியாகச் சுற்றாது. அதையும் தாண்டி நின்றால் ரேடியேட்டரின் உள்ளே உப்பும் துருவும் படிந்திருக்கும். அதற்குக் காரணம் நாங்களேதான்: வழியில் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது. அவசரத்துக்கு ஊற்றலாம், உயிர் போகாது. ஆனால் அந்த வாரமே வடித்துவிட்டுக் கூலன்ட் கலந்து நிரப்புங்கள்.

### தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை

இரவு காரின் அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்துக்குக் கீழே இருக்கிறதோ அதற்கு மேலே தேடுங்கள். பெல்ட் பக்கம் என்றால் வோட்டர் பம்ப். முன்னால் என்றால் ரேடியேட்டர் அல்லது கீழ் ஹோஸ். உள்ளே முன் பயணியின் காலடி நனைந்து இனிப்பு வாசம் வந்தால் ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டரின் உள்ளே இருக்கும் சின்ன ரேடியேட்டர்.

எங்கேயும் ஈரம் இல்லை, ஆனால் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, டிப் ஸ்டிக்கில் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் இரண்டு இருந்தால் காரை நகர்த்தாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓட்டிக்கொண்டே போனால் ஹெட் வளைந்து செலவு இரட்டிப்பாகும்.

ஒன்றை மட்டும் தவறாகப் படிக்காதீர்கள். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பது எங்கள் ஊரில் சாதாரணம். குளிரில் ஸ்டார்ட் பண்ணி, பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் இரண்டு மைல் போய் நிறுத்தினால் உள்ளே வியர்த்த நீர் ஆவியாகிப் போக நேரம் கிடைப்பதில்லை. ஒரு நாள் ஹட்டன் வரை நன்றாக ஓடிவிட்டு வந்து துடைத்துப் பாருங்கள். திரும்ப வராவிட்டால் அது வெறும் ஈரம். இதைக் காட்டி ஹெட் வேலைக்குக் கூப்பிட்டால் சம்மதிக்காதீர்கள்.

### "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகும்"

நூறு தடவை கேட்ட யோசனை. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் கதவு. கீழ்நாட்டில் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடும் கார் நிறைய. இங்கே அது காரை மெல்ல அரித்துவிடும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் எஞ்சின் வேலைச் சூட்டுக்கே வராது. பெற்றோல் கூடக் குடிக்கும், ஒயில் கெடும், ஹீட்டரும் வேலை செய்யாது, கண்ணாடியில் ஆவி போகாது. தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தால் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது வாங்கிப் போடுங்கள். பழைய கார் வாங்கும்போதும் அது உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டார்ட் பண்ணிய உடனே மேல் ஹோஸும் எஞ்சினோடு சேர்ந்து மெல்லச் சூடாகிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது.

## இறக்கத்தில் பிரேக் மாறுகிறது

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல வீதியில் பஸ் ஒன்று வேனோடும் ஓட்டோவோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அந்த வீதியில் இறங்கும்போதெல்லாம் அந்த நினைவு வருகிறது. கீழே வரும் அறிகுறிகளில் எது தெரிந்தாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்பது வேண்டாம்.

### நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி ஆகி ஆழமாகப் போகிறது

உடனே செய்ய வேண்டியது: பெடலை விட்டுவிட்டு விட்டுவிட்டு மிதித்துக்கொண்டே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை பட்டன் அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் நெளிந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

ஆறிய பிறகு பெடல் பழையபடி இறுகினால் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. அந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், எங்கள் மூடுபனியில் இன்னும் வேகமாக உறிஞ்சும். டொட் 3 என்று எழுதியிருக்கும் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அதற்கான அளவுகோலே 140 பாகைதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுவதையும் வடித்து மாற்றுங்கள். சிறிய போத்தலை வாங்கி மேலே நிரப்புவது மாற்றுவது ஆகாது.

ஆறிய பிறகும் பெடல் ஆழமாகவே போகிறது என்றால் காரை ஓட்டாதீர்கள். பிரேக் ஒயில் டேங்கின் அளவைப் பாருங்கள். பின் சக்கரங்களின் உட்பக்கம் ஈரமாக, ஒயில் வழிந்த தடமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. எங்கும் கசியவில்லை, பெடல் மட்டும் அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர். இரண்டும் மெக்கானிக் வேலை. கார் இருக்கும் இடத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள், அல்லது லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

### கருகின வாசம், ஆனால் பெடல் சரி

பெரும்பாலும் ஓட்டும் முறைதான் காரணம். எந்த கியரில் அந்த ஏற்றத்தை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு எஞ்சினை நிறுத்தி இறங்கும் பழக்கம் 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் பலருக்கு ஒட்டிக்கொண்டது. எஞ்சின் நின்றால், மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் காற்றிழுவை இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன் பிறகு பெடல் மரக்கட்டை. வீட்டில் யாராவது இன்னும் அப்படி ஓட்டினால் இன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

கியரில் இறங்கியும் ஒரே சக்கரத்தில் மட்டும் வாசம் வந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. புறங்கையைச் சக்கரத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாலே மற்றதைவிட எது கொதிக்கிறது என்று தெரியும். தொட வேண்டாம். முன்பக்கம் என்றால் கேலிப்பரின் ஊசிகள் துருப்பிடித்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் போட்டால் போதும். பின்பக்கம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பாமல் இறுகியிருக்கும்.

### ஒரு பக்கம் இழுக்கிறது

டயர் காற்றைப் பாருங்கள். நாலிலும் சரியாக இருந்தும் பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் அது கராஜ் வேலை.

காலையில் முதல் இரண்டு மிதியில் மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் இரவு ஈரத்தில் படிந்த துரு. பயப்பட ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் கீச்சிட்டால் பேட் முடிந்துவிட்டது. இரும்பில் இரும்பு உரசும் சத்தமாக மாறினால் டிஸ்க்கும் போகிறது.

## காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

இதில்தான் பாதி விடியல்களை நான் கழித்திருக்கிறேன். சாவியைத் திருப்பும்போது என்ன கேட்கிறது என்பதுதான் வழிகாட்டி.

### டிக் என்று ஒரு சத்தம், அல்லது மெதுவாக முனகுகிறது

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் மங்கிப்போனால் மின்சாரம் வந்து சேரவில்லை. பெட்டரியைக் குறை சொல்லுமுன் டெர்மினல்களைக் கழற்றி, வெள்ளைப் பூவைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். பெட்டரியிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் வயரையும் மறு நுனி வரை பாருங்கள். அது துருவோடு துருவாக நிற்கும், யாரும் தொடுவதில்லை. அதற்குப் பிறகும் அப்படியே என்றால் வேறு காரிலிருந்து ஜம்ப் கொடுங்கள். உடனே பிடித்தால் பெட்டரி அல்லது சார்ஜ். எஞ்சின் ஓடும்போது மீற்றர் வைத்துப் பார்த்தால் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 13க்குக் கீழே என்றால் ஒல்டர்நேட்டரைக் காட்டுங்கள், புதுப் பெட்டரி வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள்.

வெளிச்சம் மங்காமல் டிக் மட்டும் வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டர். கழற்றி ஓவரோல் செய்யலாம்.

### நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

கார்பரேட்டர் காரா, இன்ஜெக்ஷன் காரா என்பதில் வழி பிரிகிறது.

பழைய கார்பரேட்டர் கார் என்றால், மழைக்கும் மூடுபனிக்கும் அடுத்த காலையில் நூற்றுக்குத் தொண்ணூறு ஈரம்தான். ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே பென்சில் கோடு மாதிரி கறுப்புக் கீறல் தெரிந்தால் மூடி வெடித்திருக்கிறது, எத்தனை தரம் துடைத்தாலும் திரும்ப வரும், மாற்றுங்கள். ப்ளக் வயர்களையும் துடையுங்கள். வயர் பழுதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது: இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு போனட்டைத் திறந்து பாருங்கள். நீலப் பொறி ஓடினால் அந்த வயர் கசிகிறது. கை வைக்காதீர்கள். சோக்கை இழுத்து மூன்று தரம் முயன்றும் பெற்றோல் வாசம் பலமாக அடித்தால் எஞ்சின் நனைந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, அக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்றுங்கள்.

இன்ஜெக்ஷன் கார் என்றால் சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் ஒன் பண்ணி நிறுத்தி, பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். இரண்டு விநாடி ரீங்காரம் கேட்க வேண்டும். அது பெற்றோல் பம்ப். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே. அவை சரியாக இருந்தால் பம்ப் தான், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு மேல் ஸ்கேனர் இல்லாமல் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது. ஸ்கேன் செய்கிற இடத்துக்கே நேராகப் போங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது எங்கள் ஊர் வழக்கம். சரிவில் மூக்கை இறக்கமாக வைத்து நிறுத்துவதே அதற்காகத்தான். அவசரத்துக்கு ஒரு தடவை செய்யலாம். ஆனால் எஞ்சின் பிடிக்கும் வரை பிரேக் பூஸ்டர் இல்லை என்பதை முன்பே சொன்னேன். கீழே வளைவோ லயமோ இருக்கும் சரிவில் வேண்டாம், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். இன்ஜெக்ஷன் காரில் திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கெடுக்கும்.

## ஏற்றத்தில் இழுவை இல்லை

முதலில் எது கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். உயரம் கூடக் காற்று மெலியும். 100 மீற்றருக்குச் சுமார் ஒரு வீதம் என்று எஞ்சினின் பலம் குறையும். நுவரெலியாவில் உங்கள் காருக்குக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலம் இல்லை. நாலு பெரியவர்களும் அரிசி மூட்டையும் ஏசியும் என்றால் முதலாம் கியர் கேட்கத்தான் செய்யும். அது வியாதி இல்லை.

முன்பு ஏறிய ஏற்றத்தில் இப்போது ஏறவில்லை என்றால்தான் தேட வேண்டும். எயார் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தோட்டத்து மண் ரோட்டில் ஓடும் கார் என்றால் புத்தகத்தில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்ற வேண்டும். பிறகு, லேசான சரிவில் நிறுத்தி நியூட்ரலில் விடுங்கள். தானாக உருள வேண்டும். உருளாவிட்டால் பிரேக் பிடித்திருக்கிறது, மேலே சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

எஞ்சின் இரைகிறது, கார் வேகம் எடுக்கவில்லை என்றால் கிளச். சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இறுக்கி மூன்றாம் கியரைப் போட்டு மெல்லக் கிளச்சை விடுங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் தட்டு முடிந்தது. ஒரு தடவைக்கு மேல் இந்தச் சோதனை வேண்டாம். கேபிளுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டாலே சிலவேளை சரியாகும், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தட்டு மாற்றுவது என்றால் தட்டு, பிரஷர் பிளேட், பெயாரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலி ஒன்றுதான். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் கிளச்சிலேயே காரைப் பிடித்து நிற்பவர்களுக்கு இந்தச் செலவு சீக்கிரமே வரும்.

கறுப்புப் புகையோடு இழுவை குறைந்தால், கார்பரேட்டர் காரில் கலவை கூடிவிட்டது. கீழ்நாட்டில் டியூன் செய்த கார் மேலே வந்தால் இப்படி ஆகும். வருஷாந்தப் புகைப் பரிசோதனையிலும் இதனால்தான் தவறும். நீங்கள் ஓடும் உயரத்தில் கராஜ் வைத்திருப்பவரிடமே டியூன் செய்யுங்கள்.

## அடியில் தட்டும் சத்தம்

எங்கள் ரோட்டுக்கு இது தவிர்க்க முடியாதது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டியரிங்கை முழுக்க வளைத்து மெல்ல நகரும்போது டக் டக் டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜொயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்த அன்றே உறையை மட்டும் மாற்றியிருந்தால் செலவு கொஞ்சம்தான், அதனால் மாதம் ஒரு தரம் குனிந்து பாருங்கள். பள்ளத்தில் விழும்போது மட்டும் தட்டினால் லோவர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்டெபிலைசர் புஷ், மலிவு. வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம் வீல் பெயாரிங். ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரிந்தால், சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போல் ஜொயின்ட்டைப் பார்க்கக் கராஜுக்குக் கொடுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கார்களில் எனக்குப் பிடித்த விஷயம். ஹட்டனில் இல்லாதது கண்டியில், கண்டியில் இல்லாதது கொழும்புப் பஞ்சிகாவத்தையில். காலையில் சொல்லிவிட்டால் பெரும்பாலும் மாலை பஸ்ஸில் வந்து சேரும்.

## நீலப் புகை, ஒயில் குறைகிறது

டிப் ஸ்டிக்கைச் சமதரையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்து, குறைந்தது என்று நினைத்து அளவுக்கு மேல் ஊற்றி, அதனாலேயே புகை வந்த காரை நான் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். சமதரையில் ஐந்து நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். கூடியிருந்தால் வடித்துவிடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிடுகிறது, அல்லது நீண்ட இறக்கம் முடிந்து மறுபடி அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது பின்னால் ஒரு திரை மாதிரி வருகிறது என்றால் வால்வ் சீல். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி முடிந்த இடத்தில் கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஒயிலைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டு இப்படியே சில வருஷம் ஓடலாம்.

ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க விடாமல் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங். நம்புமுன், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுத்து எரிக்க அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள், கலகலவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடைத்திருக்கிறது. அது சரியாக இருந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளப்பது) செய்யச் சொல்லுங்கள், மூன்று சிலிண்டரின் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்பப் பார்க்கும்போது எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். எண்ணைக் காட்டாமல் எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொல்லும் கராஜில் காரை விடாதீர்கள்.

ரிங் என்று உறுதியானால் எஞ்சின் வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் காரை ஜக்கில் தூக்கி, கீழே படுத்து, ஜக் வைக்கும் விளிம்பையும் பின் சஸ்பென்ஷன் பொடியோடு சேரும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். காருக்கு முட்டுக் கொடுக்காமல் கீழே போகாதீர்கள். நுனி உள்ளே இறங்காமல் நின்றால் எஞ்சினைத் தாராளமாகச் செய்யுங்கள், இன்னும் பல வருஷம் ஓடும். துரு உதிர்ந்து நுனி உள்ளே போனால் அந்தக் காருக்கு எஞ்சின் போடாதீர்கள். உள்ளதைச் சொல்லி, பாகங்களுக்கு வாங்குகிறவரிடம் விற்றுவிடுங்கள்.